அட்டாமிக் ஃபாரஸ்ட்: ஒரே ஆல்பத்தில் நிற்கும் ஒரு தலைமுறை

'அப்செஷன் 77' பம்பாயின் அட்டாமிக் ஃபாரஸ்ட் இசைக்குழு வெளியிட்ட ஒரே ஸ்டூடியோ ஆல்பம். 1970களின் இந்திய ராக் குழுக்களில் முழுநீள இசைத்தட்டு கண்டவை மிகச் சில. அவற்றில் சைக்கடெலிக் ராக் வகைக்கு இன்று முதலில் சுட்டப்படுவது இதுவே.

சைக்கடெலிக் ராக் 1960களின் நடுவில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பிறந்தது. ஃபஸ், வா-வா பெடல்களால் எலெக்ட்ரிக் கிதாரின் ஒலியைக் கரகரப்பாகவும் குழைவாகவும் மாற்றுவதும், எதிரொலி ஏற்றுவதும், ஒரே தாளக்கட்டின் மேல் நெடுநேரம் மனோதர்மமாக வாசிப்பதும் இதன் இயல்புகள்.

இந்த இசை இந்தியக் கல்லூரி மாணவர்களை விரைவில் பற்றிக்கொண்டது. சிம்லா சிகரெட்டின் விளம்பரத்துக்காக நடந்த 'சிம்லா பீட்' போட்டியின் பாடல்கள் 1970, 1971 ஆண்டுகளுக்கு இரு தொகுப்புத் தட்டுகளாக வந்தன. சென்னையின் கன்ஃப்யூஷன்ஸ் குழுவும் அந்தத் தொகுப்புகளில் உண்டு. 1971இல் லோனாவ்லா அருகே மாலவ்லியில் 'ஸ்நேக யாத்ரா' என்ற ராக் விழா நடந்தது. 1972இல் லெட் செப்பலின் குழுவின் ஜிம்மி பேஜும் ராபர்ட் பிளான்ட்டும் பம்பாய் கொலாபாவின் ஸ்லிப் டிஸ்க் இரவு விடுதியில் வாசித்தார்கள்.

இந்தச் சூழலில் வளர்ந்த அட்டாமிக் ஃபாரஸ்டில் பேஸ் கிதார் கீத் காங்கா; கிதார் நீல் சட்டோபாத்யாய். நந்து பேண்டேயும் மதுகர் சந்திர தாஸும் பாடினார்கள். அலெக் பதம்ஸி 1974இல் பம்பாயில் மேடையேற்றிய 'ஜீசஸ் கிறைஸ்ட் சூப்பர்ஸ்டார்' ராக் இசை நாடகத்தில் மதுகர் இயேசுவாகவும் நந்து யூதாஸாகவும் நடித்தார்கள். மேலைப் பாடல்களை அப்படியே வாசிப்பதே அன்று குழுக்களின் பிழைப்பு. ஜிமி ஹென்ட்ரிக்ஸின் 'ஃபாக்ஸி லேடி'யை அட்டாமிக் ஃபாரஸ்டும் வாசித்தது. ஆல்பத்துக்குப் பெயர் தந்த 'அப்செஷன் 77' கிதாரும் ஃபங்க் தாளமும் பின்னிய துள்ளலான இசை. பாலிடார் முத்திரையில் தட்டு வெளிவந்தது.

இரண்டாவது ஆல்பம் வரவில்லை. அன்றைய இசைத்தட்டு வணிகம் சினிமாப் பாடல்களை நம்பியே நடந்தது. ஆங்கில ராக்குக்கு நகரங்களில் சிறு கூட்டமே இருந்தது. நல்ல கிதார், ஆம்ப்ளிஃபையர் வாங்க இறக்குமதி வரி குறுக்கே நின்றது. ரமேஷ் சோத்தம் டிரம்ஸ் வாசித்த ஹியூமன் பாண்டேஜ் போன்ற புகழ்பெற்ற குழுவுக்கே ஆல்பம் அமையவில்லை.

பழைய தட்டு சேகரிப்பவர்களிடையே அரிய பொருளான 'அப்செஷன் 77'ஐ அமெரிக்காவின் நவ்-அகெய்ன் ரெக்கார்ட்ஸ் 2011இல் மறுவெளியீடு செய்தது. மேடையோடு கரைந்துபோன அந்தத் தலைமுறையின் வாசிப்பை இன்று கேட்டறிய இத்தகைய பதிவுகளே வழி. எஞ்சிய ஒலிநாடாக்களையும் தட்டுகளையும் தேடிக் காப்பது இந்திய இசை வரலாற்றுக்கு அவசியமான பணி.