இரவுப் பணியும் உணவு வேளையும்

மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியில் இரவை யாமம் யாமமாகப் பிரித்துக் காட்டுகிறார். அப்பம் விற்கும் கூவியர் தம் பண்டங்களின் அருகே அமர்ந்தபடியே உறங்கிவிடுகின்றனர். ஊர் துயிலும் வேளையில் ஊர்காப்பாளர் மட்டும் விழித்துத் தெருக்களைச் சுற்றி வருகின்றனர். அக்காவலர் அந்நேரத்தில் என்ன உண்டனர் என்று புலவர் கூறினாரில்லை. இன்று சிங்கப்பூரில் அது மருத்துவர் கேட்கும் கேள்வியாகிவிட்டது.

இந்நகரில் கடைசிப் பெருவிரைவு ரயில் நிலையம் சேர்ந்து, மின்சாரம் நிறுத்தப்பட்ட பின்னரே பழுதுபார்ப்போர் பாதையில் இறங்கலாம். விடியலில் முதல் ரயில் புறப்படுமுன் வெளியேறிவிட வேண்டும். இடையில் கிடைப்பது ஏறத்தாழ மூன்றரை மணி நேரமே. வடக்கு–தெற்கு, கிழக்கு–மேற்குப் பாதைகளில் பழைய மரக்கட்டைகளை நீக்கிக் கற்காரைக் கட்டைகளைப் பதிக்கும் பெரும்பணி 2016-இல் முடிந்தது. அதுவும் பெரும்பாலும் இவ்வாறு இரவிரவாகச் செய்யப்பட்டதே. இவர்களைப் போலவே தாதியர், துறைமுகத்தார், விமான நிலையத்தார், கட்டடக் காவலர் எனப் பகலில் உறங்கி இரவில் உழைப்போர் பலர். தமிழர் அவர்களுள் நிரம்ப உளர்.

எதை உண்பது என்று ஆராய்கிறோமேயன்றி, எப்பொழுது உண்பது என்று நாம் அதிகம் எண்ணுவதில்லை. உடலோ நேரம் அறியும். 1729-இல் தெ மெரான் என்னும் பிரெஞ்சு அறிஞர், தொட்டாற்சுருங்கி வகைச் செடி ஒன்றை இருட்டறையில் வைத்தார். கதிரவனைக் காணாமலேயே அது பகலில் இலை விரித்தது, இரவில் மூடியது. உயிரணுக்களுள் இருக்கும் இக்கடிகாரம் இயங்கும் முறையை ஈக்களிடம் கண்டறிந்த மூவருக்கு 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது. மனிதனுக்கு மூளையில் ஒரு தலைமைக் கடிகாரமும், ஈரல், கணையம் முதலியவற்றில் கிளைக் கடிகாரங்களும் உண்டு. இருள் சூழ்ந்ததும் மெலட்டோனின் சுரக்கிறது. கணையம் இன்சுலின் சுரப்பதைக் குறைத்துக் கொள்கிறது. ஆகவே, நண்பகலில் எளிதிற் செரிக்கும் அதே சோறு, நள்ளிரவில் இரத்தத்தில் சர்க்கரையாக நெடுநேரம் தங்கிவிடுகிறது.

2021-இல் வெளியான பாஸ்டன் நகர ஆய்வொன்று இங்கே கருதத்தக்கது. உடல்நலமுள்ள 19 பேரை 14 நாள் ஆய்வுக்கூடத்தில் தங்கவைத்து, இரவுப்பணி போன்ற வாழ்க்கை முறைக்கு உட்படுத்தினர். இரவிலும் உண்டவர்களுக்கு இரத்தச் சர்க்கரை சராசரி 6.4 விழுக்காடு உயர்ந்தது. பகலில் மட்டும் உண்டவர்களுக்கு அவ்வாறு உயரவில்லை. பத்தொன்பது பேர் என்பது சிறு தொகைதான். ஆய்வுக்கூடத்தில் யாரும் இரும்பு சுமக்கவுமில்லை. ஆயினும் நம்மவர் இதனை ஒதுக்கிவிட முடியாது. 2010-ஆம் ஆண்டுச் சிங்கப்பூர் நலக் கணக்கெடுப்பில் நீரிழிவு சீனரிடையே 9.7 விழுக்காடாகவும், இந்தியரிடையே 17.2 விழுக்காடாகவும் இருந்தது.

இனி, தொழிலாளி தன் உணவு வேளையைத் தானே வகுத்துக்கொள்ள இயலுமா என்பதைப் பார்ப்போம். விடுதிகளில் வாழும் வெளிநாட்டு ஊழியர் பலர் ஒப்பந்தச் சமையற்கூடங்களின் பொட்டலத்தை நம்பியிருப்பவர். பகல் வேலைக்காரருக்கு விடியுமுன்னே வந்துவிடும் நண்பகற் சோறு வெயிலில் கெட்டுவிடுகிறது என்பது நெடுநாளைய முறையீடு. இரவு முறையினர் மாலையில் வாங்கிய பொட்டலத்தை நள்ளிரவு இடைவேளைக்கென எடுத்து வைத்தால் அதே இடர்தான். சமைத்த உணவைச் சூடாகவோ குளிரிலோ வைக்க வழியில்லையெனில் நான்கு மணி நேரத்திற்குள் உண்டுவிட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. கணையம் சொல்வதும் அதுவே. பொட்டலத்தை வேலைக்குப் புறப்படுமுன் உண்பதே இருவகையிலும் நன்று. அதற்கு அது வேளையோடு வந்து சேர வேண்டும். வண்டி எட்டு மணிக்கு வருவதும் ஒன்பதரைக்கு வருவதும் தொழிலாளி கையில் இல்லை. முதலாளியும் சமையற்காரரும் கூடித் தீர்க்க வேண்டிய காரியம் இது.

பாரம் தூக்குபவரை விடியும்வரை பட்டினி கிட என்பதும் தகாது. இரவு பதினொன்றரை அளவில் ஒரு கைப்பிடிச் சுண்டலோ, வாழைப்பழமோ, சிறிது தயிர்ச்சோறோ போதும். அப்போது தமிழ்நாட்டில் மணி ஒன்பது, வீட்டிலிருந்து தொலைபேசியில் “சாப்பிட்டாச்சா?” என்று கேட்கும் நேரம்.

தேநீரைப் பற்றியும் ஒரு சொல். காப்பிக்கடைத் தேநீரில் தூக்கத்தை விரட்டும் பொருளோடு, கட்டிப்பாலும் சர்க்கரையும் உண்டு. நள்ளிரவில் மூன்று குவளை என்றால் அதுவே ஓர் உணவாகிவிடும். “தே ஓ கோசோங்” என்று கேட்டால் பாலும் சர்க்கரையும் இல்லாமல் தருவர். கோசோங் என்பது வெறுமை என்று பொருள்படும் மலாய்ச் சொல். அதையும் மூன்று மணிக்குமேல் பருகாதிருத்தல் நலம். காஃபீனில் பாதி நீங்கவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். எட்டு மணிக்குப் படுப்பவர் கண்ணில் உறக்கம் எப்படி வரும்?

விடிகாலையில் சிராங்கூன் சாலைப் பக்கம் போனால், வேலை முடிந்தவரும் வேலைக்குப் போகிறவரும் ஒரே மேசையில் பரோட்டா உண்பதைக் காணலாம். போகிறவருக்கு அது பகலெல்லாம் உழைக்கும் வலு. முடித்தவருக்கோ உடனே படுக்கைக்குக் கொண்டுபோகும் சுமை. அவருக்கு இரண்டு இட்டலியும் சாம்பாரும் போதும். பின்னர் சன்னல் திரையை இழுத்துவிட்டுப் படுக்க வேண்டியதுதான். அறைத்தோழர் சமையலை நண்பகலுக்குத் தள்ளி வைத்தால்.