எண்ணிக்கை மட்டும் திறனாகாது

எம்.பி.பி.எஸ். முடித்தவர் பொது அறுவைச் சிகிச்சையில் எம்.எஸ். பட்டம் பெற மூன்றாண்டுகள் பயிற்சி பெற வேண்டும். அக்காலத்தில் அவர் எத்தனை அறுவைச் சிகிச்சைகளில் உதவினார், எத்தனையைத் தாமே செய்தார் என்பன பதிவேட்டில் குறிக்கப்படுகின்றன. எவ்வளவு நன்றாகச் செய்தார், அடுத்து எதைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதை அந்த எண்ணிக்கை சொல்வதில்லை.

பல ஆண்டுகள் செய்தால் திறன் தானே வந்துவிடும் என்பது பொதுவான நம்பிக்கை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உடல் பருமனுக்கான அறுவைச் சிகிச்சை செய்யும் 20 மருத்துவர்களிடம் மேற்கொள்ளப்பட்டு, 2013-இல் வெளியான ஆய்வு அதைக் கேள்விக்குள்ளாக்கியது. ஒவ்வொருவரும் தாம் செய்த ஓர் அறுவைச் சிகிச்சையின் காணொலியை அளித்தனர். செய்தவர் யார் என்பதை அறியாமல் சக மருத்துவர்கள் அவற்றை மதிப்பிட்டனர். மதிப்பீட்டில் கடைசிக் கால்பகுதியில் இருந்தோரின் நோயாளிகளில் 14.5 சதவீதத்தினருக்குச் சிக்கல்கள் ஏற்பட்டிருந்தன. முதல் கால்பகுதியினரிடம் இது 5.2 சதவீதமே. அனைவரும் பயிற்சி முடித்துத் தனித்து இயங்கியவர்களே. குறை சகாக்களின் கண்ணுக்குத் தெரிகிறது. அதை உரியவரிடம் எடுத்துச் சொல்லும் ஏற்பாடுதான் தேவைப்படுகிறது.

'இன்னும் கவனம் தேவை' என்று சொல்வது அத்தகைய ஏற்பாடு ஆகாது. இயன்றதைச் செய் என்பதைவிடக் குறிப்பான, சற்றே கடினமான இலக்கு கூடுதல் பயன் தரும் என்று உளவியலாளர்கள் எட்வின் லாக், கேரி லேதம் ஆகியோர் நிறுவியுள்ளனர். லேப்ராஸ்கோப்பி முறையில் பித்தப்பையை அகற்றும் சிகிச்சையை எடுத்துக்கொள்வோம். 'பித்தப்பைக்குச் செல்லும் நாளத்தையும் தமனியையும் தெளிவாகப் பிரித்துக் காட்டிய பின்னரே கிளிப் இட வேண்டும். இன்றைய இலக்கு அதுவே' என்று தொடங்குமுன் ஆசிரியரும் மாணவரும் முடிவு செய்யலாம். முடிந்தவுடன், 'இடக்கையால் போதிய அளவு இழுத்துப் பிடிக்காததால் நாளம் மறைந்தது' என்று ஆசிரியர் சொன்னால், அடுத்த முறை எதை மாற்ற வேண்டும் என்பது மாணவருக்கு விளங்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஓர் அளவுகோலை நிர்வாகம் இலக்காக்கினால் அது நம்பகத்தன்மையை இழக்கும் என்பது பொருளியலில் குட்ஹார்ட் விதி. பிரிட்டன் பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட் 1975-இல் பணக் கொள்கை பற்றிக் கூறியது பயிற்சிக்கும் பொருந்தும். ஆசிரியரின் ஒவ்வொரு கருத்தும் மதிப்பெண்ணாக மாறினால், மாணவர் தம் குறையை மறைக்கவே முற்படுவார். எளிய சிகிச்சைகளையே மதிப்பீட்டுக்குத் தேர்ந்தெடுப்பார். எனவே, கற்பதற்கான கருத்துரையும் தேர்ச்சிக்கான தேர்வும் தனித்தனியே இருக்க வேண்டும்.

நோயாளிகள் நிரம்பி வழியும் மருத்துவமனைகளில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், தொடங்குமுன் இரண்டு வாக்கியங்களும் முடிந்தபின் ஐந்து நிமிடங்களும் போதும். பயிற்சியின் குறைக்கு விலை கொடுப்பவர் ஆசிரியரும் அல்லர், மாணவரும் அல்லர். மயக்க நிலையில் படுத்திருக்கும் நோயாளியே அந்த விலையைத் தருகிறார். அவருக்காக அந்த ஐந்து நிமிடங்களை ஒதுக்குவது கல்லூரிகளின் கடமை.