கதவு திறக்காத கடை

அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்தின் மேற்குக் கோடி. பாலைவனம். எல் பாசோவில் விமானம் விட்டு இறங்கி, வாடகைக் கார் எடுத்து, இரண்டரை மணி நேரம் ஓட்ட வேண்டும். காய்ந்த புல், முள்செடி, கூடவே வரும் தண்டவாளம். வேறெதுவும் கிடையாது. நெடுஞ்சாலை 90-ல் வாலன்டைன் என்கிற குட்டி ஊரை நெருங்கும்போது, அத்துவானத்தில் திடீரென்று ஒரு ஷோரூம்! 'பிராடா' என்று பெயர்ப்பலகை. கண்ணாடிக்குப் பின்னால் குதிகால் செருப்புகள், கைப்பைகள். சாட்சாத் இத்தாலியச் சரக்கு. முதலாளியம்மா மியூச்சியா பிராடாவே தேர்ந்தெடுத்துக் கொடுத்தது.

பிரேக் போட்டு இறங்கிக் கதவைத் தள்ளினால்... ஊஹும்.

இன்றைக்கு லீவா? இல்லை ஸார், அந்தக் கதவு திறப்பதற்காக வைத்ததே இல்லை. இது கடையும் இல்லை, சிற்பம்! பெயர் 'பிராடா மார்ஃபா'. டென்மார்க்கின் எல்ம்க்ரீன், நார்வேயின் டிராக்ஸெட் இருவரும் 2005-ல் வைத்தது. சுடாத மண் கல்லில் கட்டி, ரிப்பேரே செய்யாமல் விட்டுவிடுவது, அது மெல்ல மெல்ல மண்ணோடு மண்ணாகட்டும் என்பது திட்டம்.

திருடர்கள் விட்டால்தானே? திறந்த சில நாளிலேயே உள்ளே புகுந்து ஆறு பைகளையும் பதினாலு செருப்புகளையும் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்கள். பாவம், செருப்பு அத்தனையும் வலது கால்! மறுபடி சரக்கு வைத்தார்கள். இந்தத் தடவை பைகளுக்கு அடி கிடையாது, உள்ளே அலாரம். செருப்பு, வழக்கம்போல் வலது கால் மட்டும். ரிப்பேர் கூடாது என்ற கொள்கை அன்றோடு காலி.

அடுத்து சர்க்கார். 2013-ல் நெடுஞ்சாலைத் துறை, 'கம்பெனி பெயர் இருக்கிறது, பெர்மிட் இல்லை. ஆகவே இது சட்டவிரோத விளம்பரம்' என்றது. மறு வருஷம் வழி பிறந்தது. கட்டடத்தை மியூசியம் ஆக்கிவிட்டார்கள். காட்சிப் பொருள் ஒன்றே ஒன்று, அந்தக் கட்டடம்! ஃபைலிலேயே ஊறிய ஹெட்கிளார்க்குக்குக்கூட இந்த யோசனை வந்திருக்காது.

பி.காம். கணக்குப்படி பார்த்தால் படு நஷ்டம். 2005-ம் வருஷ மாடல், இன்றுவரை ஒரு ஜோடி விற்கவில்லை. ஆனாலும் காரை நிறுத்திப் பார்க்கிறவர்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். பொருளை எடுத்துவிட்டு ஆசையை மட்டும் கண்ணாடிக்குள் வைத்தால் போதும் போலிருக்கிறது.

பெரிய ஷோரூம்களில் விலைச் சீட்டைப் பார்த்துவிட்டு, "சும்மா பார்க்கத்தான் வந்தேன்" என்று நழுவிய அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. இங்கே அந்தக் கூச்சமே வேண்டாம். கோடீஸ்வரனும் 'சும்மா பார்க்க'த்தான் முடியும்.

வந்ததற்கு அடையாளமாக சுவரோரத் திட்டில் விசிட்டிங் கார்டு வைத்துவிட்டுப் போகிறார்கள். மேலே ஒரு கூழாங்கல். மானேஜர் கார்டானாலும் கிளார்க் கார்டானாலும் ஒரே கல்தான். கல்லை எடுத்தால் காற்று கொண்டுபோய்விடும்.