கிள்ளானில் நிலாவுக்கு விழுந்த ஓட்டு

மலேசியாவில் 2008 மார்ச் பொதுத்தேர்தல். கிள்ளானை ஒட்டிய கோத்தா ராஜா தொகுதியில் மலேசிய இந்திய காங்கிரஸ் (ம.இ.கா.) தோற்றது; இஸ்லாமியக் கட்சியான பாஸின் டாக்டர் சித்தி மரியா மாமுட் ஜெயித்தார். இந்திய வாக்காளர்கள் கணிசமாக உள்ள தொகுதி அது. முந்தைய நவம்பரில் கோலாலம்பூரில் இந்து உரிமை அமைப்பான இண்ட்ராப்பின் பேரணிமீது கண்ணீர்ப்புகை அடித்த கோபம் ஆறவில்லை. பச்சைக் கொடியிலிருந்த வெள்ளை நிலாவுக்கு நம் ஆட்களும் குத்தினார்கள். 2013-லும் அதே கட்சி, அதே வேட்பாளர், அதே வெற்றி. இன்று கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைகளில் பாஸை வசைபாடும் பலருக்கு இது ஞாபகமில்லை.

ஜப்பான்காரன் போய் வெள்ளைக்காரன் திரும்பி வந்த காலத்தில் முளைத்த அரசியல் பாஸினுடையது. 1948 மார்ச்சில் பேராக், குனோங் செமாங்கோலில் ஹிஸ்புல் முஸ்லிமின் என்ற இஸ்லாமியக் கட்சி தொடங்கியது. ஜூனில் அவசரகாலம் வந்தது, தலைவர்கள் கைதானார்கள், கட்சி அத்தோடு சரி. 1951-இல் மலாய்க் கட்சியான அம்னோவின் உலமாக்கள் (மத அறிஞர்கள்) பிரிந்து பாஸ் ஆனார்கள். 1959-இல் கிளந்தானும் திரெங்கானுவும் அவர்கள் கைக்குப் போயின.

ஆனால் பாஸின் பலத்தை அது ஆளும் மாநிலங்களை வைத்து அளந்தால் கணக்கு தப்பும். மலாய் ஓட்டு அந்தப் பக்கம் போய்விடுமோ என்ற பயத்தில் அம்னோ செய்தவற்றைப் பாருங்கள். 1982-இல் இஸ்லாமிய இளைஞர் இயக்கமான அபிமின் தலைவர் அன்வார் இப்ராகிமைப் பிரதமர் மகாதீர் அம்னோவுக்குள் இழுத்தார். மறுவருடம் இஸ்லாமிய வங்கி, இஸ்லாமியப் பல்கலைக்கழகம். 1988-இல் அரசியலமைப்பில் 121(1ஏ): ஷரியா நீதிமன்ற அதிகாரத்துக்குட்பட்ட விஷயத்தில் சிவில் உயர்நீதிமன்றம் தலையிடாது.

அந்த ஒரு வரியின் கனம் 2005 டிசம்பரில் தெரிந்தது. எவரெஸ்ட் ஏறச் சென்ற மலேசியக் குழுவில் இருந்த மூர்த்தி இறந்தார். அவர் இஸ்லாத்துக்கு மாறியிருந்தார் என்றது இஸ்லாமிய மத இலாகா. மனைவி உயர்நீதிமன்றம் போனார். எங்களுக்கு அதிகாரமில்லை என்றது நீதிமன்றம். இஸ்லாமிய முறைப்படி அடக்கம் நடந்தது. அந்த 121(1ஏ)-ஐக் கொண்டுவந்தது பாஸ் அல்ல, அம்னோ தலைமையில் ம.இ.கா.வும் அமர்ந்திருந்த அரசு.

2015-இல் உலமா அணி பாஸை முழுசாகப் பிடித்தது. ஜனநாயக செயல் கட்சியுடன் இருந்த கூட்டணி உறவு முறிந்தது. பாஸிலிருந்து வெளியேறியவர்கள் அமானா கட்சியைத் தொடங்கினார்கள்; சித்தி மரியாவும் அங்கே போனார். கிள்ளான் இந்தியர்கள் ஓட்டுப் போட்ட அந்த பாஸ் அத்தோடு முடிந்தது. ஆனால் கட்சி தேயவில்லை; 2022-இல் நாடாளுமன்றத்தின் தனிப்பெரும் கட்சி பாஸ். 2023 சிலாங்கூர் தேர்தலில் அதன் கூட்டணிக்கு 56-இல் 22 இடம்.

2024 பிப்ரவரியில் கிளந்தான் ஷரியா குற்றவியல் சட்டத்தின் 16 பிரிவுகளைக் கூட்டரசு நீதிமன்றம் ரத்து செய்தது. புத்ராஜெயாவில் பாஸ் ஆதரவாளர்கள் திரண்டார்கள். முன்பு அம்னோ செய்ததுபோல, ஷரியா நீதிமன்றங்களை வலுப்படுத்துவோம் என்று உறுதி கொடுத்தது பிரதமர் அன்வாரின் அரசு.