அகிடா: ஹச்சிகோவின் இனத்தை வாங்கும் முன்

ஹச்சிகோ கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். டோக்கியோ பேராசிரியர் உவேனோ 1925 மே மாதம் வேலைக்குப் போன இடத்திலேயே இறந்துபோனார். அவருடைய நாய் 1935 மார்ச் 8-ல் சாகும்வரை, ஏறக்குறைய பத்து வருஷம், ஷிபுயா ரயில் நிலையத்துக்கு வந்துகொண்டே இருந்தது. 2009-ல் ரிச்சர்ட் கியர் நடித்து ஹாலிவுட் படமாகவும் வந்தது. படத்தைப் பார்த்துவிட்டு "வாங்கினா இந்த நாய்தான்" என்று கிளம்புகிறவர்கள் உண்டு. என் அலுவலக நண்பர் ஒருவர் கேட்டபோது சொன்னதைக் கொஞ்சம் விரிவாக எழுதி வைக்கிறேன்.

விசுவாசம் உண்மைதான். ஆனால் விசுவாசம் வேறு, சொன்ன பேச்சு கேட்பது வேறு. அகிடா, வட ஜப்பானில் பனி கொட்டும் மலைப்பகுதியின் நாய். கரடி வேட்டைக்காரர்களுடன் போய், ஆள் வந்து சேரும்வரை கரடியை மறித்து நிற்பது அதன் முன்னோர்களின் வேலை. அந்த இடத்தில் கட்டளைக்குக் காத்திருந்தால் உயிர் போய்விடும். தானே முடிவெடுக்கும் நாயைத்தான் தலைமுறை தலைமுறையாக வளர்த்திருக்கிறார்கள். "உட்கார்" என்றால் அதற்குப் புரியும். உட்காரணுமா என்று யோசிக்கும், அவ்வளவுதான். அடித்துப் பழக்க நினைப்பது இந்த நாயிடம் ஆபத்து.

இன்னொரு கிளைக்கதையும் இருக்கிறது. ஓடாதே நகரத்தில் நாய்ச்சண்டை பிரபலமாக இருந்த காலத்தில், உடம்பு பெருக்க வேண்டும் என்று இதை வேறு பெரிய இனங்களுடன் கலந்தார்கள். அசல் இனம் அழிந்துவிடும் என்ற கவலையில் 1927-ல் பாதுகாப்புச் சங்கம் தொடங்கினார்கள். 1931-ல் அரசு இதை இயற்கை நினைவுச்சின்னமாக அறிவித்தது. ஆனாலும் மற்ற நாய்களோடு, முக்கியமாகத் தன் பாலினத்து நாய்களோடு, ஒத்துப்போகாத குணம் இன்றும் பல அகிடாக்களிடம் இருக்கிறது. இது தேவையில்லாமல் குரைக்காது. உறுமி எச்சரிக்காமலே பாய்வதும் உண்டு. ஆண் நாய் தோளுயரம் சுமார் 67 செ.மீ., எடை 35 கிலோவை எளிதாகத் தாண்டும். தெருவுக்கு நாலு நாய் இருக்கும் நம்மூரில், சங்கிலியைப் பிடிப்பவர் இதை யோசித்துக்கொள்ளட்டும். குட்டியிலேயே வெளி ஆட்களையும் மற்ற நாய்களையும் பழக்கியே ஆகணும்.

ரோமம் இரண்டு அடுக்கு. வருஷத்தில் இரண்டு முறை உள்ரோமம் கொத்துக் கொத்தாகக் கொட்டும்; அப்போது தினமும் சீவ வேண்டும். வெயிலுக்கு மொட்டை அடிக்கக் கூடாது. சென்னை மே மாதத்தில் ஏசி இல்லாமல் இதை வளர்ப்பது கொடுமை என்பது என் கருத்து. நடை எல்லாம் விடியற்காலையில்தான்.

தேடிப் படித்ததில் எனக்கு ரொம்ப சுவாரஸ்யமாக இருந்தது இதன் ரத்தம். பெரும்பாலான நாய்களின் சிவப்பணுக்களில் பொட்டாசியம் குறைவு. பல அகிடாக்களில் தலைகீழ். எடுத்த ரத்தத்தைப் பிரிக்காமல் வைத்திருந்தால் பொட்டாசியம் வெளியே கசிந்து, ரிப்போர்ட்டில் எகிறிக் காட்டும். நாய் நன்றாகத்தான் இருக்கும், நாம்தான் சிறுநீரகம் போச்சு என்று பதறுவோம். எங்கள் தொழில் பாஷையில் ஃபால்ஸ் அலாரம். ஆனால் இதே ரத்தத்துக்கு இன்னொரு பக்கம் உண்டு. வெங்காயம் எந்த நாய்க்கும் சிவப்பணுவை உடைக்கும். இந்த வகை ரத்தத்தில் பாதிப்பு இன்னும் கடுமை. மிச்ச சாம்பார் சாதம் பிசைந்து வைக்கும் பழக்கம் இங்கே கூடவே கூடாது.

கடைசியாகக் கண். உடலின் எதிர்ப்புச் சக்தியே நிறமிச் செல்களைத் தாக்கும் ஒரு நோய் இந்த இனத்தில் அதிகம். மூக்கும் உதடும் வெளுக்கும். பெரும்பாலும் அதற்கு முன்பே கண் பாதிக்கப்படும். கண் சிவந்து, வெளிச்சத்தில் சுருக்கிக்கொண்டால் சொட்டு மருந்து வாங்கிப் போட்டுப் பார்க்காமல் அன்றே டாக்டரிடம் கொண்டுபோங்கள். மூக்கு வெளுக்கும்வரை விட்டால் பார்வை போயிருக்கலாம்.