பால் ஒத்துக்கொள்ளாவிட்டால் மோரையும் விடவேண்டுமா?

குளுவாங், சிகாமட் பக்கத்துத் தோட்டங்களில் விடியற்காலை பெரட்டுக்குப் போகுமுன் பால் கலந்த தேநீர் குடிப்பது நம் வழக்கம். சிலருக்கு அதைக் குடித்ததும் வயிறு உப்பி, வலியும் பேதியும் காண்கின்றன. "நமக்குப் பாலே ஆகாது" என்று மோரையும் ஒதுக்கிவிடுகிறோம். அது தேவையில்லை.

பாலில் லாக்டோஸ் என்னும் சர்க்கரை இருக்கிறது. அதைச் செரிக்கவைக்கும் லாக்டேஸ் என்னும் நொதிப்பொருள், பால்குடி மறந்தபின் பலருக்குக் குறைந்துவிடுகிறது. உலகில் வளர்ந்தவர்களுள் ஏறத்தாழ மூவரில் இருவருக்கு இப்படித்தான். செரிக்காத சர்க்கரை பெருங்குடலில் புளித்து வாயுவாகிறது. டின் பாலிலும் இச்சர்க்கரை உண்டு.

தயிரிலுள்ள நுண்ணுயிர்கள் இதில் ஒரு பகுதியைத் தாமே செரித்துவிடுகின்றன. ஆகவே, முதலில் சோற்றில் கொஞ்சம் மோர் ஊற்றிச் சாப்பிட்டுப் பார்ப்போம். ஒத்துக்கொண்டால் மெல்லக் கூட்டுவோம். இக்குறை உள்ளவர்களிலும் பலர், ஒரு கோப்பைப் பாலிலுள்ள சுமார் 12 கிராம் லாக்டோஸை உணவோடு சேர்த்தால் தாங்குகிறார்கள். வெறும் வயிற்றில் வேண்டாம். எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து கேழ்வரகிலும் நெத்திலியிலும் உண்டு.

கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தவேண்டாம். மலத்தில் இரத்தம் கண்டாலோ, உடல் மெலிந்தாலோ கிளினிக்கில் காட்டுவோம். மற்றபடி, அளவறிந்து தயிர்ச்சோற்றை மகிழ்வுடன் உண்போம்.