இரண்டு நாள் காசி

காசிக்குக் கிளம்பியவர் திரும்பி வருவார் என்று அன்று வீட்டார் முழுதாக நம்பியதில்லை. போக மாதங்கள், வர மாதங்கள். சொத்தை எழுதிவைத்துவிட்டுப் புறப்பட்டவர்கள் உண்டு. 1887-இல் டஃப்ரின் பாலத்தின் வழியே ரயில் கங்கையைக் கடந்தபின் மாதங்கள் நாட்களாயின. இன்று சென்னையில் காலையில் விமானம் ஏறினால் மாலை ஆரத்திக்குத் தசாசுவமேதப் படித்துறையில் நிற்கலாம். சனி, ஞாயிறு போதும். குடையும் விசிறியும் தடியுமாகக் கிளம்பும் மாப்பிள்ளையைப் பெண்ணின் தகப்பனார் மறித்துத் திருப்பும் கல்யாணச் சடங்கில்தான் அந்தப் பழைய பயணத்தின் கனம் மிச்சமிருக்கிறது.

வழி சுருங்கியதும் தங்குவதும் சுருங்கியது. 1863-இல் நகரத்தார் சத்திரம் கட்டியபோது, மொழி தெரியாத ஊரில் தமிழருக்குச் சோறும் கூரையும் வேண்டியிருந்தன. இப்போது அறையைக் கைப்பேசி பிடித்துத் தருகிறது. சத்திரம் மறையவில்லை; விசுவநாதர் பூஜைக்கான பொருட்கள் 'சம்போ' முழக்கத்தோடு இன்றும் அங்கிருந்து போகின்றன.

பெரிய மாற்றம் கோயிலைச் சுற்றித்தான். 1780-இல் அகல்யாபாய் ஹோல்கர் எழுப்பிய கோயிலுக்கு வளாகம் என்று இருந்தது சுமார் 3,000 சதுர அடி. ஆற்றில் மூழ்கி எழுந்தவர் ஈரத்துணியோடு சந்துகளில் புகுந்து, எதிரே மாடு வந்தால் சுவரோடு ஒட்டிநின்று, பித்தளைச் செம்புக் கடையையும் வளையல் கடையையும் தாண்டித்தான் சந்நிதியை அடைவார். 2021 டிசம்பர் 13 அன்று திறந்த புதிய வளாகம் சுமார் 5 லட்சம் சதுர அடி. படித்துறையிலிருந்து நேராக ஏறி வரலாம், வயதானவர்கள் மூச்சுவிட்டு நடக்கலாம். பழைய நெரிசலில் நசுங்கியவர் யாரும் இதைக் குறை சொல்லமாட்டார், நானும் சொல்லவில்லை. ஆனால் அதற்காக முந்நூறுக்கு மேற்பட்ட கட்டடங்கள் விலைக்கு வாங்கி இடிக்கப்பட்டன. இடித்தபோது வீடுகளுக்குள் அடைபட்டிருந்த நாற்பதுக்கும் மேற்பட்ட சிறு கோயில்கள் வெளியே வந்தன. அவற்றோடு சுவர் பகிர்ந்து வாழ்ந்த குடும்பங்கள் வேறு பேட்டைகளுக்குப் போய்விட்டன. அன்று சாமிக்கு அக்கம்பக்கம் இருந்தது. இன்று பராமரிப்பு இருக்கிறது.

ஆற்றிலும் அப்படியே. துடுப்புப் படகு அசியிலிருந்து ராஜ்காட் வரை ஊர்ந்துபோகும்போது, எந்தப் படித்துறையை எந்த ராஜா கட்டினார் என்று சொல்லிமுடிக்கப் படகோட்டிக்கு நேரம் கிடைத்தது. பிறகு டீசல் எஞ்சின் புகையும் இரைச்சலுமாக வந்தது. இப்போது பல படகுகள் இயற்கை எரிவாயுவில் ஓடுகின்றன. புகை குறைந்தது, வேகம் குறையவில்லை. எண்பத்துநான்கு படித்துறைகளும் ஒரே சுற்றில் முடிந்துவிடுகின்றன.

தமிழர்கள் அனுமன் படித்துறையில் மட்டும் இறங்கிக்கொள்கிறார்கள். தகப்பனை இழந்த பாரதி 1898 முதல் 1902 வரை அத்தை வீட்டில் தங்கி, சமஸ்கிருதமும் இந்தியும் படித்து, தலைப்பாகையும் மீசையுமாக மாறியது அங்கேதான். 2022-இல் அந்த வீட்டின் ஓர் அறை நினைவிடமானது. நான்கு வருட வாசத்துக்கு இன்றைய பயணத் திட்டத்தில் கிடைப்பது சில நிமிடங்கள். அதிலும் பாதி, சந்துக்குள் வழி விசாரிப்பதில் போகிறது.